தலை கொடுத்தவர்கள் மட்டும் உள்ளே

அக்காவின் கடைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது கண்ணாடி இல்லை, பிஸ்கட் டின். சீனப் பெருநாளுக்கு யாரோ கொடுத்த சிவப்பு டின். மூடி எப்போதோ தொலைந்துவிட்டது. நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் கைபேசியை அதில் போட வேண்டும். போடாவிட்டால் அக்கா கத்தரிக்கோலைத் தொட மாட்டார். ஒரு தடவை ஒரு வக்கீல் அம்மா, "எனக்கு முக்கியமான போன் வரும்," என்றார். "அப்ப அது வந்து முடிஞ்சப்புறம் வாங்க லா," என்றார் அக்கா. வக்கீல் அம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு டின்னில் போட்டார். கோர்ட்டில் அவர் எப்படியோ எனக்குத் தெரியாது, அந்த நாற்காலியில் வாயைத் திறக்கவில்லை.

கடை ஈப்போவில், புந்தோங் பக்கம். பெயர்ப்பலகை கிடையாது. பெண்களுக்கு முடி வெட்டும் கடை எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். நான் பெயர் சொல்லப்போவதில்லை. அவருக்குப் பிடிக்காது.

நான் அவரை முதலில் பார்த்தது உயரத்தில் இருந்து. படிவம் இரண்டோடு எனக்குப் பள்ளிக்கூடம் முடிந்தது. பிறகு தெலுக் இந்தானில் செம்பனைக் குலை வெட்டினேன், மலையில் முட்டைக்கோஸ் ஏற்றினேன், தாப்பாவில் ஒரு லோரிக்குள்ளேயே மூன்று மாதம் குடியிருந்தேன். எந்த வேலையிலும் ஒரு வருஷம் தாண்டியதில்லை. பெரிய விளம்பரப் பலகைகளில் ஏறிப் படத்துணி கட்டும் வேலை மட்டும் கொஞ்சம் நீடித்தது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. மேலே யாரும் வந்து கேள்வி கேட்க மாட்டார்கள்.

அக்கா கடைக்கு நேர் எதிரே அப்படி ஒரு பலகை. அன்று கட்டியது கூந்தல் எண்ணெய் விளம்பரம். தொலைக்காட்சித் தொடரில் நடிக்கும் ஒரு பெண். அவள் பெயரையும் விட்டுவிடுகிறேன். அந்தச் சமயத்தில் வீட்டுக்கு வீடு தெரிந்த முகம். முடி தோளில் இறங்கி, பலகையின் அடிவரை ஓடி, எண்ணெய் போத்தலைச் சுற்றி நிற்கும். கீழே நின்று பார்ப்பவர்களுக்கு அது அழகான முகம். மேலே கயிற்றில் தொங்குகிறவனுக்கு முகம் என்று ஒன்று கிடையாது. ஒரு மூக்குத் துவாரம் இருக்கும், அல்லது அரை உதடு. நான் இடது கண்ணுக்குக் கீழே இருந்தேன். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு கறுப்பு. லோரியில் ஒட்டிய கிரீஸ் என்று நினைத்து ஈரத்துணியால் தேய்த்தேன். போகவில்லை. மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தேன். கீழே இருந்து ஒரு சத்தம்.

"டேய் குரங்கு! அது மச்சம்டா! பொண்ணு மூஞ்சைத் தோலுரிச்சுடாத!"

குனிந்து பார்த்தேன். கையில் சீப்புடன் பெரிய உடம்புக்காரப் பெண்மணி ஒருவர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். நான் இறங்கி வந்ததும் பால் சேர்க்காத ஒரு தே ஓ வாங்கிக் கொடுத்தார். "என் கடைக்கு வர்ற காத்தை மறைச்சுட்ட. உனக்கு டீ வேற," என்றார். அன்றிலிருந்து நான் குரங்கு. அவர் அக்கா.

அந்தப் பலகை வந்த பிறகு கடையில் வேலை மாறிப்போனது. வருகிற பெண்கள் எல்லாரும் வாசல் வழியாகக் கையை நீட்டி, "அந்த மாதிரி," என்பார்கள். மகளுக்கு அந்த எண்ணெயையே தேய்ப்பதாகவும் இன்னும் முழங்காலுக்கு வரவில்லை என்றும் ஒரு தாய் குறைப்பட்டாள். நாற்காலியில் இருந்த அந்தப் பிள்ளை, தன் முடி மட்டும் துரோகம் செய்வதைப் போல அழுதது.

"ஏய், அழுவாத. அது முடியில்ல, விளம்பரம்," என்றார் அக்கா. "அவளுக்கே இடுப்புக்குக் கீழ இருக்கிறது எவளோ குடுத்தது. நெத்தி ஓரத்துல சுழி பாரு. அந்தச் சுழிக்கு முடி அப்படி விழவே விழாது."

முகத்தைப் பார்த்து ஆளைத் தெரிந்துகொள்கிற பழக்கம் அவருக்கு இல்லை. சந்தையில் யாராவது வணக்கம் சொன்னால் முழிப்பார். அவர்கள் திரும்பி நடக்கும்போது, பின்னந்தலையைப் பார்த்து, "அட, நீயா!" என்பார்.

அவருடைய வாய் பொல்லாதது. ஆனால் எல்லாம் நேருக்கு நேர்தான். இன்னொருத்தியைப் பற்றி எதுவும் வராது. எங்கள் தமான் குடியிருப்பில் ஓர் ஆசிரியை எப்போதும் தலையை மூடியபடி வந்து, கதவைச் சாத்தி முடி வெட்டிக்கொள்வார். அவருடைய மாமியார் ஒரு நாள் வந்து உட்கார்ந்தார்.

"மருமவளுக்கு என்ன கோளாறு? சொட்டையா? சொல்லு, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"நானும் அப்படித்தான் லா, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"என்கிட்ட சொன்னா என்ன?"

"நான் கத்தரிக்கோல் பிடிக்கிறவ பாட்டி. வானொலி இல்ல."

கிழவி பாதி வெட்டிய தலையோடு எழுந்து போனாள். அதோடு அவளும் அவளுடைய நான்கு தங்கைகளும் வருவதை நிறுத்தினார்கள். அக்கா தரையைக் கூட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

எதற்கு இவ்வளவு பிடிவாதம் என்று ஒரு மழை நாளில் கேட்டேன். கடையில் ஆள் இல்லை. அவர் கத்தரிக்கோலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் சொன்னார்.

"எங்க தோட்டத்தை வித்தப்ப எனக்குப் பதினேழு வயசு. லயத்து வீட்டை எல்லாம் இடிச்சானுங்க. நான் ரோட்டோரம் அலமாரி மேல உட்கார்ந்து அழுதேன். தலை வாரல, சட்டை கிழிஞ்சிருக்கு. ஒருத்தன் படம் எடுத்தான். பேப்பர்ல வந்துச்சு, சரி. அப்புறம் எந்தச் சங்கமோ நன்கொடை விருந்து வச்சானுங்க. டிக்கெட்டுல நான். சுவரொட்டில நான். பஸ் ஸ்டாண்டுல நான். யாரும் என்னைக் கேட்கல. எங்களுக்குக் கூரைக்கு ஒரு ஓலைகூட வரல, அது வேற. என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப மாப்பிள்ளையோட அம்மா என்ன கேட்டா தெரியுமா? 'ஓ, அந்த அழுவுற பொண்ணா?'"

"பிறகு?"

"பிறகென்ன, அவரையேதான் கட்டிக்கிட்டேன். அவருதான் கத்தி பிடிக்கச் சொல்லிக் குடுத்தாரு. ஆனா நாப்பது வயசு வரைக்கும் புதுசா பார்க்கிறவங்க முன்னால நான் அழுதது இல்ல. அழுதா, 'ஆ, இதேதான்'னு சொல்லுவாங்கன்னு."

கத்தரிக்கோலை இரண்டு முறை காற்றில் வெட்டிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். அவ்வளவுதான். இரண்டாவது தடவை அந்தக் கதையை அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்த வருஷம் நான் சாரத்தில் இருந்து விழுந்தேன். காலில் இரும்புத் தகடு வைத்தார்கள். ஏற முடியாது என்பதால் வேலையும் இல்லை. தைப்பூசம் வந்தது. கோயிலில் முடியிறக்கும் கொட்டகையில் பெண்களின் பக்கம் அக்காதான் பெரிய ஆள். அவருடைய கணவர் பக்கவாதத்தில் படுத்த பிறகு, கொட்டகையில் கணவருக்கு இருந்த இடமும் அவரிடம் முடி வெட்டிக்கொண்டிருந்த சில ஆண்களின் தலையும் அக்காவுக்கு வந்திருந்தன. "சும்மாதானே நொண்டிக்கிட்டு இருக்க. வந்து தண்ணி தூக்கு," என்றார். போனேன்.

காலை எட்டு மணி இருக்கும். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. முக்காடு போட்ட வயதான அம்மா ஒருவரும், வெளுத்த சுடிதாரில் ஒரு பெண்ணும் வந்தார்கள். அம்மாவின் கையில் ஊசி குத்திய பிளாஸ்திரி இன்னும் இருந்தது. அந்தப் பெண் பலகையில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தாள். இடுப்பு வரை முடி. நான் வாளியை வைத்துவிட்டு நின்றேன். நான்கு பலகைகளில் அவள் முகத்தைக் கயிறு போட்டுக் கட்டியவன் நான். எனக்கே அவள் யார் என்று தெரியவில்லை. அக்கா முன்னால் சரிந்திருந்த முடியை நனைத்து ஒதுக்கினார். நெற்றி ஓரத்துச் சுழியில் அவருடைய விரல் ஒரு நொடி நின்றது.

"ஒன்னு சொல்லணும்க்கா," என்றாள் அந்தப் பெண் மெதுவாக. "நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். முடியில கத்தி படக் கூடாதுன்னு இருக்கு. வெளிய தெரிஞ்சா வேலை போயிடும். அம்மா வைத்தியம் பாதியில நிக்குது. பத்துமலைக்குப் போனா நூறு கேமரா இருக்கும், அதான் இங்க வந்தேன்."

"அப்புறம் ஏன் முடி இறக்குற?"

"அம்மா ஆபரேஷன் அறைக்குள்ள இருந்தப்ப வேண்டிக்கிட்டேன்."

"யாருக்கு?"

"முருகனுக்கு."

"அப்ப முருகனுக்கும் எனக்கும் தெரிஞ்சாப் போதும். குனி."

புது பிளேடு மாற்றி, நடு உச்சியில் இருந்து இறக்கத் தொடங்கினார். பாதித் தலை ஆகியிருக்கும். கொட்டகை வாசலில் சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் கைபேசியைக் குச்சியில் மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் நேரலையில் காட்டுகிற இளைஞன் ஒருவன் உண்டு. கடை திறப்பு, விபத்து, கல்யாணம், எதையும் விட மாட்டான். எப்போதும் தொப்பி போட்டிருப்பான். "மக்களே, ஒரு பெரிய நட்சத்திரம் இங்க மொட்டை போட வந்திருக்காங்கன்னு தகவல்! நம்ம சேனல்லதான் முதல்ல பார்க்கப் போறீங்க!" பின்னால் இன்னும் பத்துக் கைகள் தூக்கிய கைபேசிகளோடு வந்தன.

அந்தப் பெண் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அப்போதுதான் இடது கண்ணுக்குக் கீழே இருந்த மச்சத்தைக் கண்டேன். மிளகு அளவுதான். அதை நான் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்திருக்கிறேன். அவளுடைய அம்மா முக்காட்டை இழுத்து மகள் மேல் போட முயன்றார்.

அக்கா பதறவில்லை. கத்தியை மடக்கிவிட்டு எழுந்து, தன் உடம்பு முழுவதையும் வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். தொப்பிக்காரன் கைபேசியை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தான்.

"அக்கா, உள்ள யாருன்னு சொல்லுங்க அக்கா, எல்லாரும் பார்க்கிறாங்க!"

"எல்லாருமா பார்க்கிறாங்க?"

"ஆமா லா, நேரலை!"

"நல்லதாப் போச்சு. உனக்கு முடி வெட்டுறது யாரு தம்பி?"

அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

"சொல்லு. யாரு?"

"நீங்கதான்…"

"உன் தொப்பியைக் கழட்டவா?"

அவனுடைய கை தானாகத் தொப்பிக்குப் போனது. மற்றக் கையில் இருந்த குச்சி மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. "மக்களே, தப்பான தகவல்," என்று தரையைப் பார்த்துச் சொன்னான். பின்னால் வந்தவர்களையும் அவனே தள்ளிக்கொண்டு போனான்.

அக்கா திரும்பி வந்து மீதித் தலையை இறக்கினார். முடிந்ததும் சந்தனத்தை அள்ளி உச்சியில் இருந்து நெற்றி, கன்னம், மச்சம் எல்லாம் மூடுகிற மாதிரி பூசினார். "போ. முடி போயி சந்தனம் ஏறுனா எல்லாத் தலையும் ஒரே குடும்பந்தான்." தாயும் மகளும் வெளியே நடந்தார்கள். மஞ்சள் மஞ்சளாக நூறு தலைகள் போய்க்கொண்டிருந்தன. பத்தடியில் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

மத்தியானம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபடி கேட்டேன். "நிஜமா கழட்டியிருப்பீங்களா அக்கா?"

"சீ! எப்படிடா கழட்டுவேன்? அவன் தலை என்கிட்ட குடுத்த தலை." கொஞ்ச நேரம் சாப்பிட்டார். "அது அவனுக்குத் தெரியல. பாவம்."

தொப்பிக்குள் என்ன இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வதந்தி நிற்கவில்லை. படம் இல்லாவிட்டாலும் வாய் இருக்கிறதே. ஒரு மாதத்தில் எண்ணெய் கம்பெனியில் இருந்து இஸ்திரி மடிப்புக் கலையாத ஓர் ஆள் கடைக்கு வந்தார். அக்கா முதலில் கைபேசியை டின்னில் போடச் சொன்னார். போட்டுவிட்டு, அந்த நடிகை வந்தாளா இல்லையா என்று மட்டும் கேட்டார்.

"ஆயிரம் தலை இறக்கினேன் சார். குனிஞ்ச தலைக்கு ஏது மூஞ்சி?"

அதே கேள்வி எனக்கும் வந்தது, பலகை வேலை கொடுக்கும் என் முதலாளி தௌக்கே மூலமாக. கால் சரியாகிவிட்டது, பலகை வேலை திரும்ப வேண்டும் என்று நான் அவரிடம் போய் நின்ற நாள். "நீ அங்கே இருந்தாயாமே? கம்பெனி கேட்கிறது. பார்த்ததைச் சொன்னால் இந்த வட்டாரத்துப் பலகை எல்லாம் உனக்கு," என்றார். நல்ல மனிதர்தான், கம்பெனி அவரையும் நெருக்கியிருக்கும். நான் தண்ணீர் தூக்கினேன், தலை பார்க்கவில்லை என்றேன். பிறகு எட்டு மாதம் பலகை கிடைக்கவில்லை. சிமெண்டு மூட்டை தூக்கினேன். காலில் தகடு வலித்தது. ஆனாலும் அந்த எட்டு மாதம் நான் தெருவில் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். என் வாழ்க்கையில் அதுவரை யாரும் என்னை நம்பி எதையும் கொடுத்து வைத்ததில்லை.

நடிகை ஒட்டுமுடியோடு காலத்தை ஓட்டினாள். ஒப்பந்தம் முடிந்தது. அவளுடைய அம்மாவும் தேறிவிட்டார். அதற்குப் பிறகு ஒரு நாள் அவளே தன் சமூக வலைத்தளப் பக்கத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். வேண்டுதல், கொட்டகை, தொப்பிக்காரன், சந்தனம், "ஈப்போவில் ஓர் அக்கா." லட்சக்கணக்கான பேர் பார்த்தார்களாம். நான் இங்கே எழுதிய கொட்டகைக் கதை முழுக்க அவள் வாயாலேயே வந்துவிட்டதுதான். வராததை நான் எழுதவில்லை.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. முடியில் கத்தி படக் கூடாது என்ற அதே கம்பெனி, இப்போது மொட்டையையே விளம்பரமாக்கப் புறப்பட்டது. மொட்டைத் தலையில் இருந்து எங்கள் எண்ணெயால் வளர்ந்த கூந்தல். பக்கத்தில் மொட்டை அடித்துவிட்ட அக்கா. இரண்டு முகமும் எதிர்ப் பலகையில் வரும். கட்டுகிற வேலை எனக்கு என்று தௌக்கே சொல்லி அனுப்பினார். அக்காவின் முகத்தை நான் கயிறு போட்டுக் கட்ட வேண்டும்.

அவர்கள் வந்த அன்று நான் கடையில் ஏணி மேல் நின்றிருந்தேன். கூரை மின்விசிறி எரிந்துபோய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் இரண்டு வண்டிகள். கேமரா, விளக்கு, அதே மடிப்புக் கலையாத ஆள். நடுவில் நடிகை, கழுத்துவரை வளர்ந்த முடியோடு. கடைக்கு வெளியே தெருவே கூடிவிட்டது.

"அக்கா, ஒரே ஒரு வரிதான்," என்றார் அந்த ஆள். "'பார்த்த உடனே எனக்குத் தெரிஞ்சிடுச்சு'ன்னு சொல்லிட்டு அவங்களைக் கட்டிப் பிடிக்கணும். அழுகை வந்தா அடக்க வேண்டாம். அழுதா இன்னும் நல்லா இருக்கும்."

ஏணியில் நின்ற எனக்கு அலமாரி மேல் உட்கார்ந்த பதினேழு வயதுப் பெண் ஞாபகம் வந்தாள். விளக்கைப் போட்டார்கள். அக்கா நடிகையை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரும்மா நீ? முடி வெட்டணுமா?"

தெருவே சிரித்தது. நடிகை மட்டும் சிரிக்கவில்லை. முகம் வாடிவிட்டது. "அக்கா, நான்தான்… நானே எல்லாத்தையும் சொல்லிட்டேன்க்கா. இனிமே மறைக்க வேணாம்."

"உன் தலை. நீ சொல்லலாம். எனக்கு யாரையும் தெரியாது."

அந்த ஆள் குனிந்து, பலகை, முகம், கடைக்குக் கிடைக்கப்போகும் பேர் என்று எதையெதையோ சொன்னார். அக்கா பொறுமையாகக் கேட்டார். "நான் ஒரு தடவை போஸ்டர்ல இருந்தாச்சு சார். நல்லா இல்ல," என்றார். அவருக்கு அது புரியவில்லை.

நடிகைக்கு என்ன புரிந்ததோ, கைப்பையைத் திறந்தாள். கைபேசியை எடுத்துப் பிஸ்கட் டின்னில் போட்டாள். நாற்காலியில் போய் உட்கார்ந்து தலையைக் குனிந்தாள்.

அக்கா துணியை உதறி அவள் கழுத்தில் கட்டினார். "தலை குடுத்தவங்க மட்டும் உள்ள. மத்தவங்க வெளிய. டேய் குரங்கு, இறங்கி கதவைச் சாத்து."

சாத்தினேன். உள்பக்கம் கதவில் முதுகைச் சாய்த்து நின்றேன். நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டு அக்கா பேசத் தொடங்கினார். அரை மணி நேரம் பேசினார்கள். அந்தச் சின்னக் கடையில் ஒரு சொல் தவறாமல் எனக்குக் கேட்டது.

முடி வெட்டிக்கொண்டு நடிகை வெளியே போய் வண்டியில் ஏறிக்கொண்டாள். எந்த வரியும் சொல்ல மறுத்துவிட்டாள். கேமராவை மடக்கினார்கள். மடிப்புக் கலையாத ஆளுக்கு இப்போது சட்டை முழுக்க வியர்வை. கடைசி முயற்சியாக என் தோளைப் பிடித்தார்.

"அண்ணே, நீங்க உள்ளதானே இருந்தீங்க? என்ன பேசினாங்க? அந்தம்மா அழுதாங்களா?"

"விசிறிச் சத்தத்துல ஒன்னும் கேக்கல சார்," என்றேன்.

விசிறியின் மூன்று இறக்கைகளும் அப்போது என் கக்கத்தில் இருந்தன.